பாண் வண்டியின் பாட்டும் இசை என்னும் சொல்லும்

நான் பாட்டுக்கு எதிரி அல்ல.

வணக்கம் சொல்வதற்கு முன்பே இதைச் சொல்லவேண்டி இருக்கிறது; சபை பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஊரில் மாரி மழையோடு ஒரு கதையும் முளைத்துவிட்டது. விடியலில் தெருத்தெருவாகப் பாட்டோடு விற்க வரும் பாண் வண்டியின் பாட்டை நிறுத்தச் சொல்லி முறைப்பாடு கொடுத்தது கொன்வென்ற் அம்மாதான் என்று கடையடியில் சொல்கிறார்கள், கிணற்றடியில் சொல்கிறார்கள், கோயில் வீதியிலும் சொல்கிறார்கள். கொன்வென்ற் அம்மா என்பது நான்தான். என் பெயர் விமலேஸ்வரி. கன்னியாஸ்திரிகளிடம் படித்ததால் வந்த பட்டம் அது. பட்டத்தை நான் மறுக்கவில்லை. முறைப்பாட்டை மறுக்கிறேன்.

நான் முறைப்பாடே எழுதாதவள் என்று சொல்ல வரவில்லை. மதகுக்குத் தடுப்புச் சுவர் இல்லை என்று எழுதியிருக்கிறேன். பஸ் நிற்காமல் போகிறது என்று எழுதியிருக்கிறேன். திகதி குறிக்காமல் புத்தகம் இரவல் கொடுக்கிறார்கள் என்று இதே வாசிகசாலைக்கு எதிராகவும் எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றின் கீழும் என் முழுப்பெயர் இருக்கும். வேலை செய்த காலம் முழுவதும் தபால் கந்தோரில் முத்திரை குத்தியவள் நான். கையெழுத்தில்லாத காகிதம் என் கையிலிருந்து புறப்படாது. பாண் பாட்டுக்கு எதிராக நான் எழுதியிருந்தால், அது பிழையில்லாமல் இருந்திருக்கும். கீழே பெயரும் இருந்திருக்கும்.

சிரிக்கிறீர்கள். நல்லது. சிரித்த முகங்களைப் பார்த்து வணக்கம் சொல்வதுதான் எனக்கும் விருப்பம்.

தலைமைக் கதிரையில் அமர்ந்திருந்தும் இன்னும் ஒருமுறைகூடக் கைத்தொலைபேசியைத் தொடாத, அதற்காகவே தனியாகப் பாராட்டத்தக்க, வாசிகசாலைத் தலைவர் ஜனார்த்தனன் அவர்களே! என் இடப்புறத்தில் அமர்ந்து, இந்த அம்மா இன்னும் என்ன சொல்லப்போகிறாளோ என்று விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கும் கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர், என் அன்புக்குரிய தயாபரன் அவர்களே! காட்டைக் கழனியாக்கி, கழனியை விட்டுப் போய், காடாய்க் கிடந்த அதே கழனிக்குத் திரும்பி வந்த பெரியோர்களே! வரம்பில் நின்று வளர்ந்த கால்களோடு இன்று வரிசையாக வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மலையிலிருந்து இறங்கி வந்து, இந்த மண்ணின் வெயிலையும் வெள்ளத்தையும் எங்களோடு பங்கு போட்டுக்கொண்ட சகோதரர்களே! முன்வரிசையில் ஊன்றுகோலோடு அமர்ந்து, "பேச்சு நீண்டால் தடியால தட்டுவன் பிள்ளை" என்று வாசலிலேயே எச்சரித்துவிட்டு உள்ளே வந்த வீரகத்தி ஐயா அவர்களே! கதிரை கிடைக்காமல் பின்னால் நின்றாலும், நழுவிப் போகாமல் நிற்கின்ற நல்ல உள்ளங்களே! மண்டபத்துக்கு வெளியே தன் வண்டியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, உள்ளே வரலாமோ கூடாதோ என்று தயங்கி நிற்கின்ற பாண்காரர் சுடலைமுத்து அவர்களே! உள்ளே வாங்கோ. வண்டியை ஒருவரும் கொண்டுபோக மாட்டார்கள். உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

இன்று எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு, "இசை என்னும் சொல்லின் பொருளும் தோற்றமும்". உண்மையைச் சொன்னால் இந்தத் தலைப்பு எனக்காக வைத்ததல்ல. கிளிநொச்சியிலிருந்து ஒரு சங்கீத ஆசிரியர் வருவதாக இருந்தது. அவருக்குக் காய்ச்சல். நேற்றுப் பின்னேரம் தயாபரன் என் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"அன்ரி, ஒரு உதவி. அவர் வரமாட்டாராம். நீங்கள் ரெண்டு வார்த்தை பேசினால் காணும்."

"எதைப் பற்றி?"

"இசையைப் பற்றி."

"பேசுறன்" என்றேன்.

உடனே சம்மதித்ததைக் கண்டு அவர் திகைத்துப்போனார். ஏன் சம்மதித்தேன்? நான் சங்கீத விதுஷியா? இல்லை. சொல்லாராய்ச்சி செய்த பண்டிதையா? அதுவும் இல்லை. பின்னே ஏன்? இதே தயாபரன் போன மாதம் இதே படலையில் நின்று என்னிடம் ஒரு வசனம் சொல்லியிருந்தார். பாண் வண்டியின் பாட்டை நிறுத்திவிட்டோம் என்று அறிவித்துவிட்டுச் சொன்னார்:

"அன்ரி, இசை எண்டால் வேற. இது வெறும் சத்தம்."

அந்த வசனம் என்னோடு வீட்டுக்குள் வந்துவிட்டது. குசினிக்குள் வந்தது. நான் விளக்குமாறு எடுத்தால் கூடவே வந்தது. இசை என்றால் வேறு. சரி, வேறுதான். எதனால் வேறு? யார் அதை வேறாக்கியது? அந்த வசனத்துக்கு மறுமொழி சொல்ல எனக்கு ஒரு மேடை வேண்டியிருந்தது. சங்கீத ஆசிரியரின் காய்ச்சல் அதைத் தந்திருக்கிறது. அவர் விரைவில் குணமடைய வேண்டும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம்.

நம் மொழியில் காதில் விழுவதற்குத்தான் எத்தனை பெயர்! தகரக் கூரையில் மழை விழுந்தால் ஓசை என்கிறோம். தோட்டத்துக்குள் யானை இறங்கிவிட்டது என்று வெடி கொளுத்தினால் சத்தம் என்கிறோம். கோயில் மணியை ஒலி என்கிறோம். ஆனால் இசை என்று எல்லாவற்றையும் சொல்வதில்லை. அந்தச் சொல்லை மட்டும் அலுமாரிக்குள் வைத்த நல்ல சேலை மாதிரி எடுத்து எடுத்துப் பார்த்துத்தான் பாவிக்கிறோம். ஏன்?

இசைதல் என்றால் பொருந்துதல், உடன்படுதல், சம்மதித்தல். இது நான் கண்டுபிடித்ததல்ல. எந்த அகராதியைத் திறந்தாலும் இருக்கும். திறக்க அகராதி வேண்டும். வாசிகசாலை அகராதியை யாரோ கொண்டுபோய் இன்னும் திருப்பித் தரவில்லை. அதைப் பற்றி வேறொரு நாள் பேசுவேன். இசை என்ற சொல் இயை என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்று ஆராய்ந்தவர்கள் சிலர் சொல்கிறார்கள். இயைதல் என்றால் ஒன்றோடு ஒன்று சேர்தல். 'ய' எப்படி 'ச' ஆகும் என்று கேட்பீர்கள். உயரம் என்று எழுதுகிறீர்கள். வாயால் என்ன சொல்கிறீர்கள்? அம்மா, நீங்கள் சொல்லுங்கோ. உசரம்! முயல்? முசல்! மழைக்குப் பிறகு விளக்கைச் சுற்றிப் பறப்பது ஈயல், நாம் சொல்வது? ஈசல்! பார்த்தீர்களா, நம் வாய் இன்றைக்கும் செய்கிற வேலையைத்தான் முன்னோர் வாயும் செய்திருக்கிறது. இதுதான் முடிந்த முடிவு என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். வேறு வழி சொல்பவர்களும் இருப்பார்கள். ஆனால் எனக்கு இது பிடித்திருக்கிறது, இதில் பொருத்தமும் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாண் வண்டி, பாணர் என்று முடிச்சுப்போட்டு நான் உங்களிடம் கைதட்டல் வாங்கப்போவதில்லை. பாணர் பழந்தமிழ்ப் பாடகர். கோதுமை மாவில் சுடுகிற பாண் போர்த்துக்கேயர் கொண்டுவந்தது. இரண்டுக்கும் உறவில்லை. இல்லாத உறவை மேடையில் கட்டிவைப்பது எனக்குப் பழக்கமில்லை.

ஆக, சேர்வதும் சம்மதிப்பதும் அந்தச் சொல்லின் வயிற்றுக்குள்ளேயே இருக்கின்றன. நரம்போடு நரம்பு சேர வேண்டும். குரலோடு தாளம் சேர வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் வேறொன்றும் சேர வேண்டும். கேட்கிற காது சேர வேண்டும். காது சம்மதிக்க வேண்டும். காது சம்மதிக்காவிட்டால்? கந்தர்வனே வந்து பாடினாலும் அது சத்தம்தான்!

எந்தப் புத்தகத்தில் படித்தாய் என்று கேட்பீர்கள். புத்தகத்தில் படிக்கவில்லை. நம் தெருவில் படித்தேன். நீங்களும் என்னோடு நின்றுதான் படித்தீர்கள். மறந்துவிட்டீர்களா?

சண்டை முடிந்து, செட்டிகுளத்து அகதி முகாமிலிருந்து நம்மைக் கொண்டுவந்து இங்கே இறக்கிவிட்ட காலம். வீடு என்று நாம் சொன்னது நாலு தடியும் மேலே விரித்த ஒரு தறப்பாளும். வேலி இல்லை. படலை இல்லை. ஆனாலும் எல்லோரும் அவரவர் படலை இருந்த இடத்தால்தான் உள்ளே போய் வந்தோம், நினைவிருக்கிறதா? பக்கத்து வளவு அருந்ததி, இல்லாத படலையைத் திறந்து மூடுவதுபோலக் கையையும் ஆட்டுவாள். அதோ சிரிக்கிறாள்.

அப்படி இருக்கையில் ஒரு விடியற்காலை. நிலம் தெளிந்தும் தெளியாத நேரம். மதகடிப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். முதலில் கர்ர்ர் என்று ஓர் இரைச்சல். பிறகு ஒலிபெருக்கி. வண்டியில் வருகிற ஒலிபெருக்கி.

இந்த மண்டபத்தில் இருக்கிற இளையவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது. நமக்குத் தெரியும். வண்டியில் ஒலிபெருக்கி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எழும்பு. கட்டு. நட. எங்கே என்று அந்த ஒலிபெருக்கி சொல்லும். பரந்தனால் போ, தருமபுரத்தால் போ, வாய்க்கால் ஓரமாய்ப் போ. நாம் போவோம். அத்தனை ஆண்டுகள் நம் காதுக்குக் கிடைத்த படிப்பு அது.

அன்று என்ன நடந்தது? ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கை தானாக வேலை செய்தது. நான் அடையாள அட்டையையும் காணி உறுதியையும் அவருடைய படத்தையும் பையில் வைத்தேன். அவர் என்றால் என் கணவர். எங்கள் எல்லா இடப்பெயர்வுக்கும் முன்னரே கண்ணை மூடிக்கொண்ட புத்திசாலி. பானையைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றினேன். பாயைச் சுருட்டினேன். அருந்ததி ஆட்டின் கயிற்றை அறுத்துவிட்டாள். வீரகத்தி ஐயா, நிவாரணத்துக்குக் கிடைத்த அவருடைய ஒரே பசுவை அவிழ்த்து, அதன் முதுகில் ஓர் அடி போட்டு, "போ, எங்கையெண்டாலும் போய்ப் பிழை" என்றார். அதுவும் ஓடிவிட்டது.

தெரு முழுக்க நாம் நிற்கிறோம். தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை, கையில் பாய். சத்தம் வளைவால் திரும்பி வருகிறது. என்ன வருகிறது? ஒரு சிவப்பு ஓட்டோ! பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி. பெட்டி நிறையப் பாண், பணிஸ். ஓட்டி வருகிறார் சுடலைமுத்து.

அவர் நம்மைப் பார்த்தார். நாம் அவரைப் பார்த்தோம். பாட்டுப் பாடிக்கொண்டே இருந்தது.

"என்னங்கம்மா, ஊரே கெளம்பி நிக்கிறீங்க? எங்க போறீங்க எல்லாரும்?" என்று கேட்டார்.

அருந்ததிக்குக் கோபம் வந்துவிட்டது. "அதை நீங்கள்தானே சொல்லவேணும்! எங்க போகச் சொல்லுறியள்?"

"நான் என்னத்தங்க சொல்றது? பாணுல்ல கொண்டாந்தேன்."

"பாணோ?"

"பாணுங்க. சூடாத்தான் இருக்கு."

சிரியுங்கள். அன்று நாமும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சிலர் அழுதோம். மூட்டையைத் தலையிலிருந்து இறக்காமலே பாண் வாங்கியவர்கள் இருந்தார்கள். நான் பார்த்தேன். ஆனால் சுடலைமுத்து சிரிக்கவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது. மலையகத்தில் கலவரம் வந்தபோது பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்டு கனகராயன்குளத்துக்கு ஓடிவந்தவர் அவர். நம்மோடு அதே முகாமில் அதே வரிசையில் வாளியோடு நின்றவர். மூட்டை கட்டுகிற கை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினார். "தப்புங்க" என்றார். தப்பு அவருடையதா? ஆனாலும் சொன்னார்.

இங்கே நான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த ஒலிபெருக்கிப் பெட்டி பாடியது என்ன பாட்டு தெரியுமா? அது பியானோவில் வாசிக்கிற ஒரு பழைய வெளிநாட்டு மெட்டு. கொன்வென்றில் சிஸ்டர் எனக்குப் பழக்கிய மெட்டு. பிழை விட்டால் அடிமட்டத்தால் விரலில் தட்டுவா. நித்திரையில் எழுப்பி வாசிக்கச் சொன்னாலும் என் விரல்கள் வாசிக்கும். அந்த மெட்டைத்தான், தலையை மட்டும் வெட்டி எடுத்து, இரண்டு சுரத்தைப் பிழையாக, திரும்பத் திரும்ப அந்தப் பெட்டி பாடிக்கொண்டு வந்தது. என் சொந்த விரல்களுக்குத் தெரிந்த மெட்டு, சபையோரே, அன்று என் காதுக்குத் தெரியவில்லை! அதே மெட்டு. அதே காது. ஆனால் எனக்குக் கேட்டது ஒரே ஒரு சொல்: எழும்பு.

அதற்குப் பிறகு பல மாதங்கள் சுடலைமுத்து சத்தமில்லாமல் வந்தார். ஒவ்வொரு வாசலாக நின்று, இறங்கி, "பாணுங்கோ" என்று கூப்பிட்டார். நம் தெரு முடிந்து அடுத்த தெருவுக்குத் திரும்பிய பிறகுதான் பாட்டைப் போடுவார். அது தூரத்தில் கேட்கும். மெல்ல மெல்ல நமக்கே அது ஒரு குறையாகத் தோன்றத் தொடங்கியது. ஒரு நாள் அருந்ததிதான் வழிமறித்தாள்.

"அண்ணை, மற்றத் தெருவெல்லாம் பாட்டோட போறியள். எங்கட தெரு மட்டும் என்ன செத்தவீடோ?"

வேறொருவர் என்றால் உடனே போட்டிருப்பார். சுடலைமுத்து போடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாண் இல்லாமல், வண்டி இல்லாமல், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நடந்து வந்தார். வீடு வீடாக வந்தார். ஒரே கேள்விதான் கேட்டார்.

"போடட்டுங்களா?"

என்னிடமும் கேட்டார். நான் யோசித்தேன். "பாட்டு வரலாம். பாட்டுக்கு முன்னால வாற அந்தக் கர்ர் வரக்கூடாது. என்னைப் பயப்படுத்தினது அதுதான்" என்றேன். அவர் தலையைச் சரித்துக் கேட்டுவிட்டு, "அப்ப மதகுக்கு அந்தப் பக்கமே சின்னதா போட்டு, கொஞ்சங்கொஞ்சமா கூட்டிக்கிட்டு வாறேங்கம்மா" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான் வந்தார். மதகடியில், காதோரம் பறக்கிற நுளம்பின் சத்தம் போலத் தொடங்கும். வாய்க்கால் வழியே வளரும். தெருவுக்கு வரும்போதுதான் முழுசாக வரும். யாரையும் திடுக்கிட வைக்காது.

ஒரே ஒருவர்தான் மறுத்தார். அவர் முன்வரிசையில் இருக்கிறார். என்ன சொன்னீர்கள் ஐயா, நினைவிருக்கிறதா? நான் சொல்கிறேன். "என்ர வளவுக்கு முன்னால வேண்டாம். அது எனக்கு மாட்டை அவிழ்க்கச் சொல்லுது."

அந்தப் பசுவைக் குளக்கட்டில் கண்டுபிடித்துக் கொண்டுவர அவர் பட்ட பாடு இந்த ஊருக்கே தெரியும். சுடலைமுத்து வாதாடவில்லை. வீரகத்தி ஐயாவின் வேலி தொடங்குகிற பூவரசில் பாட்டு நிற்கும். வேலி முடிகிற பூவரசில் பாட்டுத் தொடங்கும். மழையிலும் அப்படி, வெயிலிலும் அப்படி. ஆண்டுக்கணக்காக அப்படி. ஒரு மனிதர் வேண்டாம் என்று சொன்னதற்காக, அவருடைய வேலியின் நீளம் அளவுக்கு ஒரு பாட்டு வாயை மூடிக்கொண்டு நடந்தது! தெருப் பிள்ளைகளுக்கு அது விசித்திரமாக இருந்தது. எனக்கு அது அந்த மெட்டின் பகுதியாகவே ஆகிவிட்டது. சிஸ்டர் இருந்திருந்தால், சரியான இடத்தில் நிறுத்தம் வருகிறது என்று சொல்லியிருப்பா.

பிறகு வீரகத்தி ஐயாவுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்தது. கண் மங்கியது. மங்கி மங்கி இருண்டுவிட்டது. ஒரு காலை, ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு தெருவின் நடுவில் வந்து நின்றார். ஓட்டோ நின்றது. கோலால் அதன் தகரத்தில் ஓர் அடி.

"டேய் சுடலை! நீ எப்ப வாறாய் எப்ப போறாய் எண்டு எனக்கெப்பிடியடா தெரியும்? போடு உன்ர பாட்டை."

"ஐயா, நீங்கதானேங்க வேணாம்னீங்க?"

"அது அப்ப. இப்ப மாடும் இல்லை, அவிழ்க்கவும் ஒண்டுமில்லை. போடு."

போட்டார். இரண்டு பூவரசுக்கும் நடுவில் முதல்தடவையாக அந்தப் பாட்டுக் கேட்டது. நான் என் படலையில் நின்று கேட்டேன். கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன், அன்றுதான் எனக்கு அது முழுசாக என் பழைய மெட்டாகக் கேட்டது. விரல்கள் தாமாகச் சேலைத் தலைப்பில் வாசித்தன. பிழையான அந்த இரண்டு சுரத்தைக்கூட நான் மன்னித்துவிட்டேன். நான் பிழையை மன்னிப்பது எவ்வளவு அரிது என்று தயாபரனைக் கேளுங்கள்.

சபையோரே, அந்தப் பெட்டி மாறவில்லை. மெட்டு மாறவில்லை. சத்தம் எப்போது இசையானது? ஒரு மனிதன் வீடு வீடாக வந்து கேட்டபோது ஆகத் தொடங்கியது. கடைசி வீடும் சம்மதித்தபோது ஆகி முடிந்தது. சொல்லின் பொருள் அகராதியில் இருக்கிறது. அந்தப் பொருளின் தோற்றத்தை நம் தெருவில் நான் கண்ணால் கண்டேன். இதைவிட எனக்கு என்ன சான்று வேண்டும்?

சரி, இப்போது என்ன நிலைமை?

போன மாதம் சங்கம் கூடியது. மழை கொட்டிய நாள். வந்த ஆட்களைவிடக் கதிரைகள் கூட. தெருக்களில் வாகன ஒலிபெருக்கி கூடாது என்று வாயால் ஒரு தீர்மானம். அடுத்த நாள் சுடலைமுத்துவிடம் வாயால் ஓர் அறிவித்தல். அவர் மறுபேச்சில்லாமல் நிறுத்திவிட்டார். பழைய பழக்கம், வேண்டாம் என்றால் அவர் நிறுத்திவிடுவார். இப்போது அவர் போன பிறகுதான் பாண் வந்து போனது பலருக்குத் தெரிகிறது. போன கிழமை என்னிடம் சொன்னார்: "பாணு மிஞ்சிப்போகுதுங்கம்மா. தையிலருந்து வேற ரோட்டுக்குப் போகச் சொல்லி முதலாளி சொல்லிட்டாரு." அப்படியென்றால் தை பிறக்கும்போது நம் தெருவுக்குப் பாண் வண்டியே இல்லை. சந்திக் கடைக்கு நடக்கக் கால் உள்ளவர்கள் நடப்பார்கள். கண் இல்லாதவர் என்ன செய்வார்?

வீரகத்தி ஐயா கருக்கலிலேயே எழுந்து படலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எந்த ஓட்டோச் சத்தம் கேட்டாலும் கையை நீட்டுகிறார். அன்று ஒருநாள் ஒரு ஓட்டோவை மறித்து, "ஒரு றாத்தல் பாணும் ரெண்டு பணிசும் தா. பணிஸ் நேத்தையான் எண்டால் வேண்டாம்" என்றார். ஓட்டோக்காரர் வாய் திறக்கவில்லை. திரும்பிப் போனார். சந்திக் கடையில் பாணும் பணிசும் வாங்கிக்கொண்டு வந்து, ஐயாவின் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அருந்ததி வேலிக்கு மேலால் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். அருந்ததி பார்த்தால் நான் பார்த்த மாதிரி.

என்ன ஐயா சொல்கிறீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கோ, எல்லோருக்கும் கேட்கட்டும்.

"அது சுடலை இல்லையெண்டு எனக்கு அப்பவே தெரியும். சுடலையெண்டால் கதைச்சிருப்பான். ஆரோ பேசாப் பொடியன்."

ஐயா, அந்தப் பேசாப் பொடியன் இப்போது இந்த மேடையில் என் இடப்பக்கத்தில் இருக்கிறார். ஓட்டோ ஓடுகிற நம் தயாபரன்தான் அது.

கைதட்டுங்கள், இதற்குத் தாராளமாகக் கைதட்டுங்கள்! தம்பி, தலையைக் குனியாதேயும். நல்ல காரியம் செய்தீர். உம்முடைய அம்மா இருந்திருந்தால் நெஞ்சு நிறைந்திருப்பா. ஆனால் ஒன்று கேட்கிறேன். நாளைக்கும் கொண்டுவருவீரோ? நாளன்றைக்கும்? உமக்குக் காய்ச்சல் வந்த அன்றும்? ஒரு பாட்டுச் செய்துகொண்டிருந்த வேலையை நீர் உம்முடைய தோளில் எடுத்துச் சுமக்க முடியுமோ?

பாட்டு வேண்டாம் என்று சொன்னவர் யாரென்று நான் கேட்கமாட்டேன். அவருக்கு அது உண்மையான துன்பமாக இருக்கலாம். அவருடைய காதுக்குள் என்ன இருக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும்? என் காதுக்குள் இருந்ததே ஒருவருக்கும் தெரியவில்லையே! அவருடைய வேலியோரம் பாட்டு நிற்கட்டும். ஒரு வேலியின் நீளம் மௌனமாகப் போக அந்த வண்டிக்குத் தெரியும். சுடலைமுத்து அதை ஆண்டுக்கணக்காகச் செய்து காட்டிவிட்டார். ஆனால் தெரு முழுவதையும் ஊமையாக்கும் முன்னர் தெருவைக் கேட்டீர்களா? வீரகத்தி ஐயாவைக் கேட்டீர்களா? அருந்ததியைக் கேட்டீர்களா? மதகடியிலிருந்து கோயிலடிவரை ஒரு படலையையாவது தட்டினீர்களா? கேட்காமல் போடுவது சத்தம் என்றால், தம்பி, கேட்காமல் நிறுத்துவதற்கு நான் என்ன பெயர் வைப்பேன்?

அன்றைக்கு ஒலிபெருக்கி நம்மைக் கேட்காமல் எழுப்பியது, கேட்காமல் நடத்தியது. நம்மிடம் வந்து "போடட்டுங்களா" என்று முதல்முதல் கேட்ட ஒலிபெருக்கி இந்தப் பாண் வண்டியினுடையதுதான். சம்மதம் கேட்பதற்கு நாமும் ஆட்கள் என்று அது நமக்குச் சொன்னது. நாம் மூட்டையை அவிழ்த்துவைத்தது அதற்குப் பிறகுதான். முரசுமோட்டைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். ஊர்ப் பெயரிலேயே முரசு இருக்கிறது. முரசு அறிவிக்கும், கேட்காது. நம் தெரு அதைவிட நல்லதொன்றைப் பழகிக்கொண்டது. அதை ஒரு மழைநாள் கூட்டத்தில் மறந்துவிடலாமா? விடலாமா, சொல்லுங்கோ!

ஐயா தடியால் தட்டுகிறார். விளங்குகிறது ஐயா, முடிக்கிறேன். என்ன?

"சுருக்கா முடி பிள்ளை. விடியப் பாணுக்கு எழும்ப வேணும்."

கேட்டீர்களா, சபையோரே? நான் இவ்வளவு நேரம் சொன்னதை ஐயா ஒரே வரியில் சொல்லிவிட்டார். இதற்கு மேல் பேசினால் அது சத்தம்.

பொறுமையோடு கேட்ட தலைவர் அவர்களுக்கும், காய்ச்சலில் படுத்து எனக்கு இடம் விட்ட சங்கீத ஆசிரியருக்கும், தேநீர் ஆறிப்போனாலும் அசையாமல் இருந்த தாய்மார்களுக்கும், இடையில் உள்ளே வந்து கதவோரம் நிற்கின்ற சுடலைமுத்து அவர்களுக்கும், என் நெஞ்சில் நிறைந்த நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.

செயலாளர் தயாபரன் அவர்களே, ஒன்று மட்டும். இந்தக் கைதட்டலை நான் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வீடு வீடாகக் கேளுங்கள். கேட்ட பிறகு, பாட்டுப் போடலாமா கூடாதா, யாருடைய வேலியோரம் நிறுத்த வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி, திகதியிட்டு, கையெழுத்து வைத்து, தை பிறப்பதற்கு முன் எனக்கு அனுப்புங்கள். ஒரு பிரதியைச் சுடலைமுத்துவுக்கும் கொடுங்கள். என் விலாசம் உங்களுக்குத் தெரியும்.